பழுதான பேஸ் ஆம்பை ஸ்பீக்கர் பெட்டியாக மாற்றக் கொடுப்போர் கவனத்திற்கு

டர்பனில் பஜனைக் குழுக்களிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் பேஸ் கிட்டார் வாசிக்கும் நண்பர்கள், பழுதான காம்போ ஆம்பை (ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) துணை ஸ்பீக்கர் பெட்டியாக மாற்றித் தருவதாகச் சொல்லும் கடைகளிடம் மிகுந்த எச்சரிக்கையோடு நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒரு கடையில் என் ஆம்பை ஒப்படைத்து, அதிலிருந்த நல்ல ஸ்பீக்கரைப் பறிகொடுத்து, அந்த வேலைக்குக் கூலியும் கொடுத்திருக்கிறேன்.

லோட் ஷெடிங் எனும் முறை மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பி வந்த வேகத்தில் ஆம்பின் மின்பலகை எரிந்துபோயிற்று. அதைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவில் வேறொன்று வாங்கிவிடலாம் என்று எங்கள் கோயில் குழுவுக்கு ஒலி அமைக்கும் அண்ணன் சொன்னார். ஆனால், அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் நேர்மின்சாரம் (டிசி) பாய்ந்து ஸ்பீக்கரின் கம்பிச்சுருளும் கருகிவிடுவது உண்டு என்பதால், அவரே பின்பக்கம் வழியாக வயரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய 6 ஓம் மின்தடை காட்டியது. 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று மீட்டரில் அப்படித்தான் காட்டும். ஸ்பீக்கரின் முன்பக்கக் கூம்பான கோனை விரலால் மெல்ல அழுத்தியபோது உரசலும் இல்லை. என்னிடம் உள்ள மற்றொரு ஆம்ப் 4 ஓமுக்குக் குறையாத சுமையை மட்டுமே தாங்கும். அதில் ஏற்கெனவே ஒரு 8 ஓம் பெட்டி இருக்கிறது. இன்னொரு 8 ஓம் பெட்டியை இணையாகச் சேர்த்தால் சரியாக 4 ஓம் ஆகிவிடும் என்ற கணக்கில்தான், இந்தப் பெட்டியை மாற்றத் தீர்மானித்தேன். ஸ்பீக்கரின் காந்தத்தில் ஒட்டியிருந்த சீட்டை அப்போதே படமும் எடுத்து வைத்தேன்.

வேலை முடிந்து பெட்டி வந்தபோது வெளித்தோற்றம் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. கிரில் துடைக்கப்பட்டிருந்தது, பின்னால் ஸ்பீக்கர் வயரைச் செருகும் புதிய ஸ்பீக்கான் சாக்கெட் பளபளத்தது. ஆம்போடு இணைப்பதற்கு முன் அந்தச் சாக்கெட்டில் மீட்டர் வைத்தேன். 3 ஓமுக்குச் சற்று மேல் காட்டியது. அதாவது, உள்ளே இருப்பது 4 ஓம் ஸ்பீக்கர். அதை என் 8 ஓம் பெட்டியோடு சேர்த்திருந்தால் மொத்தச் சுமை 2.7 ஓம் அளவுக்கு இறங்கி, மின்னோட்டம் கூடி, நன்றாக இருக்கும் ஆம்பும் சூடேறிக் கெட்டிருக்கும்.

கிரில்லைக் கழற்றியதும் எல்லாம் வெளிப்பட்டது. கனமான வார்ப்பு அலுமினியச் சட்டம் கொண்ட என் 15 அங்குல ஸ்பீக்கர் இருந்த இடத்தில், மெல்லிய தகரச் சட்டமும் சிறிய காந்தமும் கொண்ட, பெயர்ச்சீட்டு உரித்தெடுக்கப்பட்ட வேறொன்று திருகப்பட்டிருந்தது. உள்ளே ஓடிய வயர் ஸ்பீக்கர் வயரே அல்ல. கிட்டாரிலிருந்து ஆம்புக்குப் போகும் மெல்லிய கவசக் கேபிளை வெட்டிப் போட்டிருந்தார்கள். 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சாக்கெட்டின் நேர்முனையிலும் எதிர்முனையை எதிர்முனையிலும் தொட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். இங்கே அது உள்ளே போனது. இப்படித் தலைகீழாக இணைத்த பெட்டியை இன்னொன்றோடு சேர்த்து வைத்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். பேஸ் ஒலியே அடங்கிவிடும்.

ஆம்பின் சேசிஸ் (மின்பலகையும் டிரான்ஸ்ஃபார்மரும் பொருத்திய உலோகச் சட்டம்) இருந்த மேல்வாயை அடைத்த விதம்தான் என்னை அதிகமாக வருத்தியது. பெட்டியின் பலகை 18 மில்லிமீட்டர் பிளைவுட். வாயை மூடியதோ விரலால் அழுத்தினால் வளையும் ஹார்டுபோர்டு. நான்கு மூலைகளில் நான்கு திருகுகள், நடுவில் இடைவெளி, நுரைப்பட்டை கிடையாது, பசை கிடையாது. பேஸ் கிட்டாரின் தடித்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும்போது பெட்டிக்குள் எழும் காற்றழுத்தம் அந்த இடைவெளி வழியே சீறிக்கொண்டு வெளியேறும், அட்டையும் கடகடவென்று அடிக்கும். பெட்டியின் பருமனும் போர்ட் எனும் காற்றுத் துளையின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் அடித்தொனி உருவாகும் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறியாமல் இருக்க முடியாது.

கடைக்காரரிடம் படத்தைக் காட்டிக் கேட்டேன். "பழைய சாமானுக்குப் போய் இவ்வளவு கேள்வியா, தம்பி?" என்று மழுப்பினார். "சேசிஸையாவது திருப்பிக் கொடுங்கள், அண்ணா" என்றதற்கு, குப்பையில் போட்டாயிற்று என்று கைவிரித்தார். அதிலிருந்த டிரான்ஸ்ஃபார்மரின் செம்புக்கே விலை உண்டு. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி, வேலையின்போது கழற்றிய பாகங்களை, நாம் வேண்டாம் என்று சொன்னாலொழிய, கடைக்காரர் தனியாக எடுத்து வைத்துத் திருப்பித் தந்தாக வேண்டும். 57ஆம் பிரிவு, புதிதாகப் போட்ட பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் மூன்று மாதப் பொறுப்பை அவர் மேல் வைக்கிறது. இந்த இரண்டையும் குறிப்பிட்டு எழுத்தில் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பாளரிடம் போவேன். அங்கே முறையிட நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை.

கொடுக்கத்தான் வேண்டும் என்றால், ஸ்பீக்கரின் ஓம், வரிசை எண், சட்டத்தின் வகை ஆகியவற்றை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மேல்வாயைப் பெட்டியின் கனத்துக்கு ஒத்த பிளைவுட்டால், காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கடையிலேயே கிரில்லைக் கழற்றிக் காட்டச் சொல்லிவிட்டு, அதன் பிறகு பணத்தை எடுங்கள். கைவேலை தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் சேசிஸில் உள்ள பெரிய மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அதன் உள்பக்கத்தில் யாரும் கை வைக்க வேண்டாம்.

15 அங்குலம், 8 ஓம், கறுப்பு வார்ப்பு அலுமினியச் சட்டம், ஒரு திருகுத்துளையின் ஓரத்தில் அரைவட்டமாகப் பெயின்ட் உரிந்த தழும்பு: இந்த அடையாளங்களோடு ஒரு ஸ்பீக்கர் டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் விற்பனைக்கு வந்தால் தயவுசெய்து எனக்குத் தெரியப்படுத்துங்கள். காந்தத்தின் சீட்டு கிழிக்கப்பட்டிருந்தாலும் அந்தத் தழும்பை வைத்து என்னால் அடையாளம் சொல்ல முடியும்.