சொந்த கிளியரிங்கா, பிசிஎம்மா? சிறு புரோக்கருக்கு எது தோது

மாலை 3.30க்கு மார்க்கெட் மூடியதும் டீலர்கள் கிளம்பிவிடுவார்கள். எஃப் அண்ட் ஓ எனும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தின் கணக்கு வழக்கைப் பார்க்கும் பேக் ஆபிஸுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். டிரேடு ஃபைலை இறக்கி, தப்பான வாடிக்கையாளர் கோடில் விழுந்ததைத் திருத்தி, காண்டிராக்ட் நோட் (அன்றைய வியாபார ரசீது) அனுப்பி, மறுநாள் காலை எம்டிஎம் பே-இன்னுக்கு, அதாவது அன்றைய விலை மாற்றத்தால் வந்த நஷ்டத்தைக் கட்ட, பணம் வைக்க வேண்டும். இதையெல்லாம் நாமே வியாபாரத்தைத் தீர்க்கும் பொறுப்பேற்கும் கிளியரிங் மெம்பராக இருந்து பார்ப்பதா, கட்டணம் வாங்கிக்கொண்டு அதைப் பிறருக்குச் செய்துதரும் பிசிஎம் எனும் புரொபஷனல் கிளியரிங் மெம்பரிடம் விடுவதா? கோவையில் எங்கள் அலுவலகம் இரண்டையும் பார்த்துவிட்டது. இப்போது பிசிஎம்மில் இருக்கிறோம். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

சொந்த கிளியரிங்கில் கட்டணம் மிச்சம், டெபாசிட்டில் பணம் முடங்கும். பிசிஎம்மில் நேர்மாறு. அந்தக் கணக்கை எவரும் அரை மணியில் போட்டுவிடலாம்.

எங்களை மாற வைத்தது கொலாட்டரல் (பிணையம்) ஒதுக்கீடு. 2022 மே 2 முதல் செபி விதிப்படி, எந்த வாடிக்கையாளரின் பிணையம் எவ்வளவு என்று, வியாபாரங்கள் தீர்வதற்கு உத்தரவாதம் தரும் கிளியரிங் கார்ப்பரேஷனில் தனித்தனியாகக் காட்ட வேண்டும். ஒருவர் கையில் வைத்திருக்கும் காண்டிராக்டுகளுக்கான (பொசிஷன்) மார்ஜின், அதாவது பாதுகாப்புத் தொகை, முதலில் அவர் பெயரில் ஒதுக்கியதிலிருந்து கழியும். போதாவிட்டால் புரோக்கரின் சொந்தப் பிணையத்தில் கைவைக்கும். அதுவும் தீர்ந்தால் கிளியரிங் மெம்பருடையதில். மொத்த கொலாட்டரலில் 85 சதவீதம் மார்ஜினுக்குப் போய்விட்டால் ரிஸ்க் ரிடக்‌ஷன் மோடு. பொசிஷனைக் குறைக்கலாம், கூட்ட முடியாது.

சொந்த கிளியரிங் காலத்தில் ஒருநாள் ஒதுக்கீட்டு ஃபைலில் இரண்டு கோடுகள் இடம் மாறிவிட்டன. ஆப்ஷன் விற்று வைத்திருந்தவருக்கு ஒதுக்கீடு பூஜ்யம். ஒரு பொசிஷனும் இல்லாத இன்னொருவர் பெயரில் 18 லட்சம். அந்த மார்ஜின் முழுவதும் எங்கள் பணத்தைத் தின்றது. பதினோரு மணிக்குள் ரிஸ்க் ரிடக்‌ஷன். சம்பந்தமே இல்லாத வாடிக்கையாளர்களின் ஆர்டரெல்லாம் ரிஜெக்ட். பணம் எங்களிடம்தான் இருந்தது, கோடுதான் தப்பு. திருத்திய ஃபைல் ஏறி எல்லாம் சீராவதற்குள் நாற்பது நிமிடம் ஓடிவிட்டது. அந்த நாற்பது நிமிடமும் ஒரு போன் கூட ஓயவில்லை.

இப்போதும் ஃபைல் தயாரிப்பது நாங்கள்தான். ஆனால் பொசிஷன் இருப்பவருக்கு ஒதுக்கீடு இல்லையென்றால் எங்கள் பிசிஎம் அன்றிரவே ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எங்களுக்கு அடுத்த அடுக்கில் இருப்பது அவர்கள் பணம். எங்கள் தப்பு அவர்களையும் சுடும் என்பதால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறார்கள். சொந்த கிளியரிங்கில் இந்த இரண்டாவது கண் கிடையாது. அதற்கென்று ஆள் போட எங்கள் அளவுக்குக் கட்டுப்படியாகாது.

குறைகளும் உண்டு. தினமும் டேலி பண்ண இன்னொரு லெட்ஜர் சேர்ந்துவிட்டது. கட்-ஆஃப் எல்லாமே முன்கூட்டி வருகிறது. காண்டிராக்ட் காலாவதியாகும் எக்ஸ்பைரி வாரத்தில் இது நன்றாகவே உறைக்கும். 2019 அக்டோபர் முதல் எல்லா ஸ்டாக் டெரிவேட்டிவும் பிசிகல் செட்டில்மென்ட், அதாவது பணத்துக்குப் பதில் பங்கே கைமாறும். ஐடிஎம்மில் (இப்போதைய விலையில் மதிப்புள்ள நிலையில்) இருக்கும் வாங்கிய ஆப்ஷனுக்கு எக்ஸ்பைரிக்கு நான்கு நாள் முன்பே டெலிவரி மார்ஜின் 10 சதவீதத்தில் தொடங்கி 25, 45, 70 என்று ஏறும். பிசிஎம் அதை இன்னும் சீக்கிரம் கேட்பதால் வாடிக்கையாளரை ஒருநாள் முன்னதாகவே கூப்பிட்டு நெருக்க வேண்டியிருக்கிறது.

பங்குகளைப் பாதுகாத்து வைக்கும் கஸ்டோடியன் வழியாக செட்டில் செய்யும் சிபி (கஸ்டோடியல் பார்ட்டிசிபன்ட்) கோடு வாடிக்கையாளர்கள் எங்களிடம் இரண்டே பேர். நிறுவன வாடிக்கையாளர்கள் அதிகம் வைத்திருப்பவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

பிசிஎம் பேசப் போகிறவர்கள் கோடி ரூபாய் வியாபாரத்துக்கு எவ்வளவு கட்டணம் என்பதற்கு முன்னால், ஒதுக்கீட்டு ஃபைல் எத்தனை மணி வரை எடுப்பீர்கள், தப்பாக இருந்தால் எவ்வளவு நேரத்தில் திருப்புவீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.