மடோனாவின் 'தி இமாக்குலேட் கலெக்‌ஷன்': கேட்கும் இடம் முக்கியம்

அமெரிக்கப் பொப் பாடகி மடோனாவின், 1990 நவம்பரில் வந்த இத்தொகுப்பில் 17 பாட்டுகள்: 15 பழைய ஹிட்கள், 2 புதியவை. ஏறத்தாழ 73 நிமிடம், ஒரே சீடி. அதற்குள் அடக்கப் பல பாட்டுகளைக் குறுக்கியிருக்கிறார்கள். 6 நிமிடம் தாண்டும் 'ஹாலிடே' இங்கே 4 நிமிடத்துக்குச் சற்று மேல். அதன் முழு நீளம் வேண்டுமென்றால் மடோனாவின் முதல் அல்பத்தையே வாங்க வேண்டும்.

பெரும்பாலான பாட்டுகள் கியூசவுண்ட் முறையில் மறுகலவை (ரீமிக்ஸ்) செய்யப்பட்டவை. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் வெளியே இருந்துகூட ஒலி வருவதுபோல் காட்டும் நுட்பம் அது. ஆனால் நடுவில் உட்கார்ந்தால்தான் பலிக்கும். ஸ்பீக்கர்களுக்கு இடையே 6 அடி, உங்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் அதே 6 அடி. உப்புவெளிக் கடற்கரைக்குக் கொண்டுபோகும் ஒற்றை புளூடூத் ஸ்பீக்கரில் இடமும் வலமும் ஒன்றாகிச் சில ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடக்கூடும். ஓட்டோவின் பின்சீற்று ஸ்பீக்கர்களிலும் இந்த நுட்பம் பலிக்காது, முன்னால் இருக்கும் சாரதிக்கு அது விளங்காது. அங்கெல்லாம் பழைய மூலப் பதிவுகளே மேல்.

திருகோணமலையின் உப்புக்காற்றில் சீடியை வெளியே விடாதீர்கள். மேற்பூச்சில் கீறல் இருந்தால் உள்ளிருக்கும் அலுமினியப் படலம் அரிக்கும். துடைப்பது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக, வட்டமாக அல்ல.