கீழ்வீட்ல நான் இருக்கும்போதே, வாடகையைப் பாத்துக்க வெச்ச ஆள் மாடி வீட்டை லீஸுக்கு விட்டுட்டான், உஷாரா இருங்க

மடிப்பாக்கத்துல சொந்த வீடு, கீழ நாங்க, மேல ரெண்டு போர்ஷன் வாடகைக்கு. வருஷக்கணக்கா நானேதான் பாத்துக்கிட்டேன். மோட்டார் யார் போடறது, பைக்கை கேட் முன்னாடி யார் நிறுத்துனது, இபி பில்லு, எல்லா பஞ்சாயத்தும் என் வாசல்லதான். போன வருஷம் முழங்கால் ஆபரேஷன் ஆனதும் பையன்தான் சொன்னான், ஒரு மேனேஜ்மென்ட் ஆள்கிட்ட விடுங்கப்பான்னு. மாசம் 8% கமிஷன். வந்த ஆளும் தேன் மாதிரி பேசினான்.

முன்பக்கத்து போர்ஷனுக்கு ஒரு குடும்பத்தை கூட்டிட்டு வந்தான், வாடகை 17,000. புது வாடகை சட்டத்துல மூணு மாசத்துக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாது சார்னு எனக்கே பாடம் எடுத்து 51,000 எண்ணி வெச்சான், நானும் நேர்மையான பையன்னு வீட்ல காபி எல்லாம் போட்டுக் குடுக்க சொன்னேன். "வாடகைக்கு விடவும் பணம் வாங்கவும் அதிகாரம் குடுக்கிறேன்"னு ஒரு லெட்டர்ல கையெழுத்து கேட்டான், கண்ணாடிகூட தேடாம போட்டேன். அங்கதான் மாட்டினேன்.

ஏழு மாசம் அஞ்சாம் தேதி டாண்ணு பணம் வந்துச்சு. எட்டாவது மாசம் வரல, கேட்டா டெனன்ட் இழுத்தடிக்கிறாங்க சார்ங்கிறான். சரின்னு கால் வலியோட மாடி ஏறிப் போய் அந்தம்மாகிட்ட கேட்டா, துணி காயப்போட்டுக்கிட்டே, "என்ன வாடகை சார், நாங்க லீஸ்லதானே இருக்கோம், 9 லட்சம் உங்களுக்குக் குடுத்தாச்சே"ங்கிறாங்க!! தலையே சுத்திடுச்சு. லீஸ்னா மொத்தமா ஒரு தொகை குடுத்துட்டு மாச வாடகை இல்லாம இருக்கறது, காலி பண்ணும்போது ஓனர் அதைத் திருப்பிக் குடுக்கணும். அவங்க பணத்துல இருந்தே எனக்கு வாடகை போட்டிருக்கான், அதுலயும் மாசம் 1,360 கமிஷன் பிடிச்சிருக்கான் பாருங்க. ஓனர் கோவக்காரர், பணப்பேச்சு எடுத்தாலே காலி பண்ண சொல்லிடுவார்னு அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கான், என்கிட்ட நீங்க டெனன்ட்கிட்ட நேரா பேசுனா அப்புறம் அவங்க என்னை மதிக்க மாட்டாங்கன்னு. தினமும் படியில பாத்து சிரிச்சிருக்கோம், ஒரு நாள் வாயத் திறக்கல ரெண்டு பேரும். இப்ப போன் ஸ்விட்ச் ஆஃப், அவன் ஆபீஸ்ல ஜெராக்ஸ் கடை நடக்குது.

வக்கீல் கேட்ட முதல் கேள்வி, அக்ரிமென்ட் ரென்ட் அத்தாரிட்டில, அதாவது வாடகை அக்ரிமென்ட் பதிவு பண்ற அரசு அதிகாரிகிட்ட, பதிவு பண்ணீங்களா? 2019ல இருந்தே அது இருக்காம், அந்த ஃபார்ம்ல மேனேஜர் பேருக்கே இடம் இருக்கு. நாங்க பார்த்துக்குறோம்னு சொன்னான், பண்ணவே இல்ல. ஆடிட்டர் வேற, வாடகை வருமானத்துல 30% கழிவுதான், கமிஷனைத் தனியா கழிக்க முடியாதுன்னுட்டார். அதுவும் போச்சு.

ஆள் வைக்கறதா இருந்தா வைங்க, ஆனா வாடகை நேரா உங்க அக்கவுன்ட்டுக்கு வரணும், அக்ரிமென்ட்ல நீங்களும் டெனன்ட்டும் எதிர்ல உக்காந்து கையெழுத்து போடணும். லெட்டர்ல "லீஸ், போக்கியத்துக்கு விட அதிகாரம் இல்ல"ன்னு ஒரு வரி எழுதுங்க, என் லெட்டர்ல அந்த ஒரு வரிதான் இல்ல.

அந்தம்மா 9 லட்சம் வராம காலி பண்ண மாட்டேங்கிறாங்க, அவங்க சொல்றதும் நியாயம்தான், நகை வித்த காசு. கம்ப்ளைன்ட் ரெண்டு பேரும் சேர்ந்தே குடுத்திருக்கோம், வர்ற திங்கக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்காங்க, ஒரே ஆட்டோலதான் போறோம்.