ரிகார்டோவா, மால்தஸா: வருவாய்ப் பகிர்வை யாரிடமிருந்து தொடங்குவது?

முதுகலை வகுப்பில் தொன்மைப் பொருளியலின் (classical economics) பகிர்வுக் கோட்பாட்டை, அதாவது விளைந்தது நிலக்கிழார், முதலாளி, தொழிலாளி மூவருக்கும் எப்படிப் பிரிகிறது என்பதை, நடத்த வந்தபோது, ரிகார்டோ, மால்தஸ் என்ற இரு ஆங்கிலப் பொருளியலாளர்களில் முதலில் யாரை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. நான் ரிகார்டோவை எடுத்தேன். இன்று யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இருவருக்கும் பொதுவானவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம். இருவரும் நெருங்கிய நண்பர்கள். மக்கள்தொகை பெருகப் பெருக மட்டமான நிலமும் உழவுக்கு வரும், விளைவு குறைந்துகொண்டே போகும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 1815-இல் இருவருமே வாரம் (நிலத்துக்காக நிலக்கிழாருக்குப் போகும் பங்கு, rent) பற்றி எழுதினார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் தானியச் சட்டம் வந்தது: உள்நாட்டுக் கோதுமை விலை குவார்ட்டருக்கு (அன்றைய தானிய அளவு) 80 ஷில்லிங் எட்டும்வரை இறக்குமதி கிடையாது. அங்கேதான் பிரிகிறார்கள்.

ரிகார்டோவின் பலமே அந்தக் கணக்குதான். ஒரே அளவு மூலதனமும் உழைப்பும் போட்டால் முதல் நிலம் 100 குவார்ட்டர், இரண்டாவது 90, மூன்றாவது 80 தருகிறது. முதல் நிலத்தை மட்டும் உழும்வரை வாரமே இல்லை. மூன்றாவதையும் உழ வேண்டி வந்தால், அதைவிடக் கூடுதலாக விளைவது, அதாவது முதல் நிலத்தில் 20, இரண்டாவதில் 10, வாரமாகப் போகும். இதுவரை அவர் தந்த எண்கள். கூலிக்கு 50 போகிறது என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். முன்பு 50 ஆக இருந்த இலாபம் இப்போது எல்லா நிலத்திலும் 30. நிலக்கிழார் கூடுதலாக எதுவும் செய்யவில்லை, ஆனாலும் அவர் பங்கு ஏறிவிட்டது. இலாபம் சுருங்கினால் மூலதனம் சேர்வது நிற்கும், வளர்ச்சியும் நிற்கும். வெளிநாட்டுத் தானியத்தை விட்டால் மூன்றாவது நிலத்தை உழவே வேண்டாம். பகிர்வு, வளர்ச்சி, கொள்கை மூன்றும் ஒரே கணக்கில் வந்துவிடுகின்றன. கரும்பலகையில் இதைப் போட்டு முடிக்கும்போது, தானியச் சட்டம் யாருக்குச் சாதகம் என்று மாணவர்களே சொல்லிவிடுகிறார்கள். இதைச் சொன்னவரே கேட்கம் பார்க் என்ற பண்ணைக்குச் சொந்தக்காரர், அவரும் ஒரு நிலக்கிழார் என்பதையும் நான் விடாமல் சொல்வேன்.

மால்தஸ் தானியச் சட்டத்தை ஆதரித்தார். உற்பத்தியானது விற்க வேண்டுமே, நிலக்கிழார்களின் செலவு அதற்குத் தேவை என்றார். விளைவுத் தேவை (வாங்கும் சக்தியோடு கூடிய தேவை, effective demand) பற்றிய இந்த எண்ணத்தைப் பின்னாளில் பொருளியலாளர் கெயின்ஸ் மனமாரப் பாராட்டினார். மந்தநிலையைப் புரிந்துகொள்ள மால்தஸே மேல் என்று தோன்றுகிறது. அந்தப் பகுதியை நான் அதிகம் நடத்தியதில்லை, எனவே அழுத்திச் சொல்ல மாட்டேன்.

ரிகார்டோவிடம் ஒரு சிக்கல் உண்டு, அது நம் நாட்டில்தான் வெளிப்பட்டது. வாரம் உபரிதானே, அதை அரசு எடுத்தால் கூலிக்கும் இலாபத்துக்கும் கேடில்லை என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் இருந்த ஜேம்ஸ் மில் வாதிட்டார். கம்பெனி அதிகாரிகளுக்கான ஹெய்லிபரி கல்லூரியில் மால்தஸிடம் படித்த பிரிங்கிள் என்ற அதிகாரி, 1820-களின் பிற்பகுதியில் புனே பக்கம் நிகர விளைச்சலைக் கணக்கிட்டு நிலவரி போட்டார். வரி தாங்காமல் குடியானவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். தாளில் 20 என்று தனியாக நிற்கும் வாரம், வயலில் உழுதவன் கூலியோடு கலந்தே கிடக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்தெடுக்க ரிகார்டோ வழி சொல்லவில்லை. இதையும் சேர்த்தே நடத்த வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்கள் ரிகார்டோவின் 1817 நூலில் வாரம் பற்றிய 2-ஆம் அத்தியாயம், இலாபம் பற்றிய 6-ஆம் அத்தியாயம் இரண்டையும் முதலில் முடியுங்கள். எந்திரங்கள் தொழிலாளரைப் பாதிக்கலாம் என்று அவர் ஒப்புக்கொள்ளும் அத்தியாயம் 1821-இன் மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது, அதனால் அந்தப் பதிப்பையே வாங்குங்கள். மால்தஸின் 1820 நூலில் கடைசி அத்தியாயம் போதும்.