ஆறு வருடம் சோனிக் பையோடு: அந்தக் காந்தாரம் யாருடையது?

நிரல் எழுதி இசை செய்யும் சோனிக் பை என்ற மென்பொருளில் முதல் ஒலியை வரவழைக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 'பிளே 60' என்று தட்டி ஓடவிட்டேன், ஸட்ஜம் வந்துவிட்டது. மோகன ராகத்தின் காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், மனதுக்குப் பிடித்தபடி அசைய எட்டு மாதம் ஆனது. கணினியில் செய்கிற இசையில் படைப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், அந்த எட்டு மாதத்தைத்தான் காட்டுவேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது சாம் ஆரன் உருவாக்கிய இலவச மென்பொருள் இது. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில், பள்ளிப் பிள்ளைகள் இசை வழியாக நிரல் எழுதக் கற்பதற்காகத் தொடங்கியது. விண்டோஸ், மேக்கிலும் ஓடும். திரையில் பியானோக் கட்டைகள் இருக்காது, எல்லாம் எழுத்துதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வரியைத் திருத்தி மறுபடி ஓடவிட்டால், இசை நிற்காமல் அடுத்த சுற்றில் மாறிக்கொள்ளும். தபலா ஒலிகள் உள்ளேயே இருக்கின்றன. மிருதங்கத்தை நானே பதிவுசெய்து சேர்த்துக்கொண்டேன்.

முதல் வருடம் நான் செய்தது விளையாட்டு. ஸ ரி க ப த, எண்களில் 60, 62, 64, 67, 69. இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றை எடுத்து வாசி என்று விட்டுவிட்டேன். ஸட்ஜத்திலிருந்து தைவதத்துக்குத் தாவும், அங்கிருந்து ரிஷபத்தில் விழும். மோகனத்தின் ஸ்வரங்கள் இருந்தன, மோகனம் இல்லை. சின்ன வயதில் வயலின் சொல்லிக்கொடுத்த டீச்சரிடம் போட்டுக் காட்டினேன். "ஸ்வரம் எல்லாம் சரிதாம்மா. இதுல நீ எங்க இருக்க?" என்றார்.

அந்தக் கேள்வி வலித்தது. அதற்கப்புறம்தான் ஒழுங்காக உட்கார்ந்தேன். க ப த என்று ஏறினால் மேல் ஸட்ஜம் வர வாய்ப்பு அதிகம், பஞ்சமத்தில் கொஞ்சம் நிற்கலாம், பெரிய தாவலுக்குப் பிறகு பக்கத்து ஸ்வரத்துக்கே வர வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். இவை எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. வர்ணம் சாதகம் செய்த காலத்தில் கை பழகியதை எண்களாக மாற்றினேன், அவ்வளவுதான். விதி வைத்து எழுதினால் கலை செத்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. வாசலில் போடும் புள்ளிக் கோலத்தைக்கூட 1970-களில் கிஃப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி போன்ற சென்னை ஆய்வாளர்கள் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். அதனால் கோலம் போடும் கைக்கு என்ன குறைந்துபோயிற்று?

ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிக்கிற கமகம்தான் உண்மையான வேலை. சோனிக் பை 64 மட்டும் அல்ல, 63.7 என்றாலும் வாசிக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை வினாடியில் வழுக்க வேண்டும் என்றும் சொல்லலாம். ஒவ்வொரு அசைவும் ஒரே அளவில் இருந்தால் அழைப்புமணி மாதிரி கேட்கிறது. ஒவ்வொரு முறையும் துளி மாறினால் மூச்சு வந்துவிடுகிறது. எவ்வளவு துளி என்பதைக் காது மட்டுமே சொன்னது. குறையும் இங்கேதான்: ஒரே ஒரு அசைவுக்கு ஐந்தாறு வரி எழுத வேண்டும், நீளமான ஆலாபனைக்கு இது தாங்காது.

அப்புறம் விதை எண், அதாவது தற்செயல் வரிசை எதிலிருந்து பிறக்க வேண்டும் என்று நாம் கொடுக்கும் எண். சோனிக் பையில் 'ஏதாவது ஒன்று' என்பது உண்மையில் தற்செயல் அல்ல. விதை எண்ணை மாற்றாதவரை, நேற்று வந்த வரிசையேதான் இன்றும் வரும். முந்நூறுக்கு மேல் எண்களை மாற்றி மாற்றிக் கேட்டேன். 317-இல் ஒரு பிடி, ராகத்தைக் காட்டும் சின்ன ஸ்வரத் தொடர், வந்தது. என் விதிகள் அனுமதித்த பிடிதான், ஆனால் நான் ஒருநாளும் வாசித்திராதது. உடம்பு சிலிர்த்தது. 1843-இலேயே ஆங்கிலக் கணிதவியலாளர் ஏடா லவ்லேஸ், இப்படி ஒரு இயந்திரம் இசை அமைக்கக்கூடும் என்று எழுதினார். அதே குறிப்புகளில், நாம் கட்டளையிடத் தெரிந்ததைத்தான் அது செய்யும் என்றும் எழுதினார். அந்த இரண்டாவது வாக்கியத்தை முழுசாக நம்பியவள் நான். 317 அதைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. இருந்தாலும், அந்தப் பிடி நல்லது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. 316-ஐயும் அதே அக்கறையோடுதான் வாசித்தது. நின்று கேட்டது நான்.

சொற்களைக் கொடுத்தால் முழுப் பாட்டே தரும் செயற்கை நுண்ணறிவுச் சேவை ஒன்றையும் இரண்டு மாதம் பயன்படுத்தினேன். மோகனம் என்று கேட்டால் இனிமையாக ஏதோ வந்தது. ஆனால் அதன் காந்தாரத்தை நான் தொட முடியவில்லை. பிடிக்கவில்லை என்றால் மறுபடி கேட்கலாம், அவ்வளவுதான். அதில் வந்த எதையும் என்னுடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டேன்.

மூன்றாம் வருடம் மடிக்கணினியின் வட்டு செயலிழந்தது. நல்லவேளையாக இந்த இசையெல்லாம் வெறும் எழுத்துக் கோப்புகள், எனக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்திருந்தேன். தொடங்குபவர்கள் முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள்.

போன மாதம் 317-ஐ டீச்சரிடம் போட்டேன். ஒன்றும் சொல்லாமல் வயலினை எடுத்து அந்தப் பிடியை வாசித்தார். மறுபடி வாசித்தார். இரண்டாவது முறை காந்தாரத்தில் என்னைவிடச் சற்று அதிக நேரம் நின்றார். வீட்டுக்கு வந்ததும் அந்த வரியில் 0.5-ஐ 0.8 ஆக்கினேன்.