வினாகிரியா, சிட்ரிக் அசிட்டா, மழைத்தண்ணியா? எங்கட கிணத்துத் தண்ணியின்ட காரத்தக் குறைச்சு சாடிக்கு ஊத்த எது சரிவரும்

கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் வளவுக்கு வளவு ஒரே முறைப்பாடுதான். எக்சோரா மஞ்சள், ரோசா மஞ்சள், சாடியில வச்ச தேசிக்கண்டும் மஞ்சள். குருத்து இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். யூரியா போடுங்க எண்டுதான் எல்லாரும் சொல்லுவாங்க, போட்டும் மாறாது, ஏனெண்டா நைட்ரஜன் காணாட்டி அடி இலைதான் முதல்ல மஞ்சளாகும், குருத்து மஞ்சளானா பெரும்பாலும் இரும்புச்சத்துப் பிரச்சின. மண்ணுல இரும்பு இல்லாம இல்ல, பிஎச், அதாவது புளிப்பு-கார அளவு, 7.5க்கு மேல ஏறினா வேரால அத எடுக்க ஏலாது.

எழுவான்கரை, அதாவது வாவிக்கும் கடலுக்கும் இடையில உள்ள எங்கட பக்கத்து மண் கடல் மணல், சிப்பித்தூள் கலந்தது. அந்தச் சுண்ணாம்பு கிணத்துத் தண்ணிக்குள்ளயும் கரைஞ்சி கிடக்கும், கேத்தில் அடியில வெள்ளையாப் படியுறதும் பூச்சாடி விளிம்புல வெள்ளை வளையம் வாறதும் அதாலதான். இதுல எல்லாரும் விடுற பிழை ஒண்டு இருக்கு. பிஎச் மீட்டர்ல 8 எண்டு காட்டினா உடன 8ஐ இறக்கப் பாக்கிறாங்க, ஆனா அந்த நம்பரை விட தண்ணியில எவ்வளவு பைகாபனேட், அதாவது சுண்ணாம்பு கரைஞ்சி வாற காரச்சத்து, இருக்கு எண்டதுதான் பெரிசு. ரெண்டு கிணத்திலயும் 8 தான் காட்டும், ஒண்டுக்கு நாலு சொட்டு அசிட் காணும், மற்றதுக்குக் கரண்டி கரண்டியா ஊத்தினாலும் அசையாது. அதால பக்கத்து வீட்டு அக்கா சொன்ன அளவை அப்படியே எடுத்து ஊத்தாதீங்க.

சரி, வீட்டில இருக்கிறதுல இருந்து வருவம். 10 லீற்றர் வாளி, சுமாரான வன்தண்ணி, அதாவது லீற்றருக்கு 150 மில்லிகிராம் அளவு காரத்தன்மை எண்டு வச்சா பிஎச்ச 6க்குக் கொண்டு வர 5 வீத வினாகிரி ஏறக்குறைய 25 மில்லி வேணும், சிட்ரிக் அசிட் எண்டா 2 கிராம் போல, தேசிக்காய்ச் சாறு எண்டா 35 மில்லி, அதுக்கு ரெண்டு மூண்டு காய் போகும். வெயில் காலத்தில தேசிக்காய் விக்கிற விலைக்கு அத வாளியில பிழியிறது அநியாயம். வினாகிரியும் சிட்ரிக்கும் வச்சுப் பாத்தா எனக்கு சிட்ரிக்தான். தூளா இருக்கு, நிறுத்துப் போடலாம், நாத்தம் இல்ல, இரும்பையும் கொஞ்சம் பிடிச்சு வேருக்குக் குடுக்கும்.

ஆனா ரெண்டுக்கும் பொதுவான குறை ஒண்டு இருக்கு, இத நான் பட்டுத்தான் படிச்சன். போன வருசம் ரெண்டு மாசம் விடாம வினாகிரி கலந்து ஊத்தினன், வாளியில அளந்தா 6, சாடிக்கு அடியால வடியிற தண்ணிய அளந்தா பழையபடி 7.8. மறுகாதான் காரணம் விளங்கிச்சு. வினாகிரியும் சிட்ரிக்கும் மண்ணுல இருக்கிற நுண்ணுயிருக்குச் சாப்பாடு, அதுகள் அத திண்டு முடிச்சா பைகாபனேட் திரும்ப வந்து நிக்கும். அப்ப நீங்க வாங்கினது சில நாள் அவகாசம் மட்டுந்தான்.

நிரந்தரமா பைகாபனேட்ட அழிக்கிறது பொஸ்பொரிக், சல்பூரிக் மாதிரி அசிட்தான். பொஸ்பொரிக் அசிட்ல வாற பிஎச் டவுன் எண்ட பிஎச் இறக்கிற மருந்து வேல செய்யும், அளவு மிஞ்சினா பொஸ்பரசு கூடி திரும்ப இரும்பத்தான் அது பூட்டும். பட்டரி அசிட் ஊத்துற பழக்கம் சில இடத்தில இருக்கு, தயவு செஞ்சு வேணாம். பழைய பட்டரியில இருந்து எடுத்தா அதுல ஈயம் இருக்கும், அந்த மண்ணுல நாளைக்குக் கீரை போடுவீங்க. புள்ளைகள் ஓடித்திரியிற வளவில அந்தப் போத்தல் இருக்கவே கூடாது. சீனாக்காரமும் அப்படித்தான், பிஎச் இறங்கும், கூடவே அலுமினியமும் சேரும். கந்தகத்தூள் நல்ல சாமான், ஆனா மெதுவா மாசக்கணக்கில வேல செய்யும், அதுவும் சுண்ணாம்பு நிறைஞ்ச மண்ணுல எவ்வளவு போட்டாலும் காணாது. ஒரு பிடி மண்ணுல வினாகிரி ஊத்திப் பாருங்க, நுரைச்சா கந்தகத்துக்குக் காசு செலவழிக்காதீங்க.

இப்ப மழைத்தண்ணி. இதுதான் என்ட தெரிவு, வேற எதுவும் கிட்டவும் வராது. மழைத்தண்ணியில பிஎச் 5.6 போல இருக்கும், பைகாபனேட் கிட்டத்தட்ட இல்ல. எங்களுக்கு வருசத்து மழையில பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள்ள கொட்டி முடிஞ்சிரும், 20 சதுர மீற்றர் கூரையில 100 மில்லிமீட்டர் விழுந்தா 2000 லீற்றர், அவ்வளவையும் கானுக்குள்ள விட்டுட்டு ஜூன்ல சிட்ரிக் தேடி கடைக்கு ஓடுறம். முழுக்க மழைத்தண்ணியே ஊத்தத் தேவையில்ல, கிணத்துத் தண்ணியோட சரிபாதி கலந்தாலே காரத்தன்மை பாதியாகும், அப்ப ரெண்டு பரல் நாலு பரல் வேல பாக்கும். முதல் மழைய கூரை கழுவ விட்டிட்டு மறுகா பிடிங்க. பிளாஸ்டிக் பரல்தான் நல்லம், புதுசாக் கட்டின சீமெந்துத் தொட்டியில விட்டா அந்தச் சீமெந்தே பிஎச்ச ஏத்திரும். வாய்க்கு நுளம்பு வலை இறுக்கிக் கட்டுங்க, மாரியில டெங்கு எங்கட பக்கம் விளையாட்டில்ல.

இவ்வளவும் சாடிக்குத்தான். நிலத்தில நிக்கிற கருவேப்பிலை, மா, முருங்கைக்கு வாளி வாளியா அசிட் கலக்கிறது வீண் வேல, அவ்வளவு சுண்ணாம்பு மண்ணுல கிடக்கு. அதுக்கு மாட்டெருவும் கூட்டெருவும் போட்டு இலைச்சருகால மூடி விடுங்க, ரொம்ப மஞ்சளான மரத்துக்கு ஈடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்பு வாங்கி வேரடியில ஊத்துங்க. ஈடிடிஏ (EDTA) வகை மலிவு, ஆனா பிஎச் 6.5 தாண்டினா குலைஞ்சு போகும், மண்ணுல போட்டா எங்கட பக்கத்துக்கு அது காசுக்குக் கேடு.

அளக்கிறதுக்கு மீன் தொட்டிக் கடையில விக்கிற பிஎச் பாக்கிற சொட்டு மருந்து காணும். மீட்டர் வாங்கினா கூட வாற 4.00, 6.86 தூளக் கரைச்சு அடிக்கடி சரி பாத்துக்குங்க, இல்லாட்டி அது சொல்றத நம்ப ஏலாது. ஒண்டுமே இல்லையா, செவ்வரத்தம்பூவ சுடுதண்ணியில ஊறப்போட்டு அந்தச் சாத்தில கொஞ்சம் கிணத்துத் தண்ணி விடுங்க, பச்சை பக்கம் போனா காரம்.

இன்னொண்டு, இத முதல்லயே சொல்லியிருக்கணும். இலை ஓரம் கருகி பிறவுணா காஞ்சு வந்தா அது பிஎச் இல்ல, உப்பு. வாவிக் கரைக் கிணறுகள்ல ஓகஸ்ட் மட்டில தண்ணி உவராகும், அதுல நாக்குக்கே கரிப்புத் தெரியும். உப்புக்கு அசிட் மருந்தில்ல, எந்த அசிட்டும் உப்ப எடுக்காது. அந்தக் கிணத்துத் தண்ணிய சாடிக்கு நிப்பாட்டிப் போட்டு நல்ல தண்ணியால அடியால வடியும் வரைக்கும் ரெண்டு மூண்டு தரம் அலசி ஊத்துங்க, மஞ்சள் கதையப் பிறகு பாப்பம்.