உப்பும் பனங்கற்கண்டும்

தூத்துக்குடி அளத்து உப்பு ஒரு கல், உடன்குடிப் பனங்கற்கண்டு ஒரு கட்டி. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் படிகம்தான். உள்ளே பிணைந்திருக்கும் விதம்தான் வேறு.

உப்பில் சோடியம் தன் வெளிக்கூட்டிலுள்ள ஒற்றை எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்தது நேர் அயனி, வாங்கியது எதிர் அயனி (அயனி என்றால் மின்னூட்டம் பெற்ற அணு), இரண்டும் ஈர்த்துக்கொள்கின்றன. இது அயனிப் பிணைப்பு. உருக்க 801 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

கற்கண்டில் பெரும்பகுதி சுக்ரோஸ். அதன் மூலக்கூறில் கார்பன் 12, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 11. இங்கே கொடுக்கல் வாங்கல் இல்லை, கூட்டுதான்: பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஆளுக்கொரு எலக்ட்ரான் போட்டு, அந்த ஜோடியைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. இதுதான் சகப்பிணைப்பு. இந்தப் பகிர்வை 1916இல் விளக்கியவர் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ்.

சரி, பிள்ளைகள் தடுமாறும் இடம் இனிமேல்தான். கற்கண்டு தண்ணீரில் கரைந்தால் சகப்பிணைப்பு அறுந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். அறுவதில்லை. மூலக்கூறுகள் முழுசாகவே ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. இனிப்பு அப்படியே இருப்பது அதனால்தான். உப்போ அயனிகளாகப் பிரிந்துவிடும், கரைசலில் மின்சாரம் பாயும். தூய சர்க்கரைக் கரைசலில் பாயாது. இதை எழுதிப்போடுவதைவிட, ஒரு பேட்டரியும் சின்ன எல்இடியும் இரண்டு டம்ளர் தண்ணீரும் வைத்து வகுப்பிலேயே காட்டிவிடலாம்.